உள்ளே விட்ட துணி

அக்டோபரில் படிவம் வரும்.
ஐ.டி.ஓ. பக்கம் எங்கள் ஆறாம் மாடியில்
ஏசி நின்று, ஜன்னல் வழியே
வைக்கோல் புகை நுழையத் தொடங்கும் வாரம்.
மூன்று கட்டங்கள்:
சென்ற ஆண்டு செலவு,
இந்த ஆண்டுத் திருத்தம்,
வரும் ஆண்டுக்கு வேண்டுவது.
மூன்றாவதில்தான் என் கைவண்ணம்.

இரவுக் காப்பகங்களுக்குக் கம்பளி.
தேவை ஏழாயிரம் என்று வையுங்கள்,
பத்தாயிரம் என்று எழுதுவேன்.
நிதிப்பிரிவு சிவப்பு மையில் முப்பது சதம் வெட்டும்.
ஏழாயிரம் வந்துவிடும்.
அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும்.
பொய் என்று யாரும் சொல்வதில்லை.
மதிப்பீடு என்கிறோம்.

எனக்கு முன் இந்த நாற்காலியில் குர்மீத் பாட்டியா.
ஒரே ஒரு வருடம் உள்ளதை உள்ளபடி எழுதினார்.
அதற்கும் அதே முப்பது சதம்.
அந்த ஜனவரியில் யமுனா பஜாரில்
பல இடத்தில் இருவருக்கு ஒரு கம்பளி.
விசாரணைக் கமிட்டி கேட்டது ஒன்றே ஒன்று:
"ஏன் கூடுதலாகக் கேட்கவில்லை?"
அவரை நரேலாவுக்கு மாற்றினார்கள்.
இழுப்பறையில் ஒரு கால்குலேட்டரும்
பாதி தீர்ந்த அஜீரண மாத்திரை அட்டையும் கிடந்தன.
சீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.
தேவைப்படவும் இல்லை.

முனீர்காவில் இத்ரீஸ் மாஸ்டர்
என் ரவிக்கைக்கு உள்ளே இரண்டு விரல்
துணி விட்டுத் தைப்பார்.
உடம்பு எந்தப் பக்கம் போகும், யார் கண்டது.
வீட்டுக்கு எட்டு மணி என்று சொல்லிவிட்டு
ஏழரைக்குப் போய் நிற்பேன்.
சீக்கிரம் வந்தவள் என்று பெயர்.

இந்த வருடம் நிதிக்குப் புதிதாகச் சுரேகா தாக்குர்.
அறைக்கு அழைத்தார்.
மேசையில் சிவப்புப் பேனாவே இல்லை.
"வெட்டமாட்டேன். உண்மை எண்ணைக் கொடுங்கள்."
பதினோரு வருடத்தில் யாரும் கேட்காதது.
பயமாக இருந்தது.

உண்மை எண்.
ஏழாயிரம், பத்தாயிரத்தை வெட்டி வந்தது.
பத்தாயிரம், அதற்கு முந்தைய ஏழாயிரத்தைக்
கூட்டி வந்தது.
கோப்புக்கு அடியில் கோப்பாகப் போய்க்கொண்டே இருந்தேன்.
தலைகளை எண்ணிய தாள்
எங்கேயும் இல்லை.

யமுனா பஜாருக்குப் போன் போட்டேன்.
"ராம்பிலாஸ், உங்களிடம் எத்தனை பேர் படுக்கிறார்கள்?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் யாரோ இருமினார்கள்.
"நீங்கள் எவ்வளவு வெட்டுவீர்கள், மேடம்?
அதைச் சொன்னால் சொல்கிறேன்."

என் பேனாவில் நீல மை என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கடைசியில் 9,214 என்று எழுதினேன்.
வட்டமான எண்ணைக் கண்டால் கேள்வி வரும்.
சில்லறையோடு இருந்தால்
யாரோ உட்கார்ந்து எண்ணியதுபோல் இருக்கும்.
தாக்குர் ஒன்றுகூடக் குறைக்கவில்லை.
ஓரத்தில் 'நன்றி' என்று வேறு எழுதியிருந்தார்.
அந்த ஒரு சொல்லை
இரண்டு நாள் மேசையில் திருப்பி வைத்திருந்தேன்.

மார்ச் இருபத்தெட்டு. வெளியே முப்பத்தாறு டிகிரி.
கிடங்கில் கூரை முட்டக் கம்பளிக் கட்டுகள்,
இன்னும் ஒரு லாரி வாசலில்.
வேண்டாம் என்று பணத்தைத் திருப்பியிருக்கலாம்.
திருப்பினால் அடுத்த அக்டோபரில்
முதல் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும் அது,
என்னைப் பார்த்தபடி.
கையெழுத்துப் போட்டேன்.
காவலாள் ஒரு கட்டின்மேல் படுத்து
வேர்க்க வேர்க்கத் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை இத்ரீஸ் கடை.
பழைய ரவிக்கையைப் பிரித்துப் பார்த்து
"உள்ளே இருந்ததெல்லாம் போன தடவையே எடுத்தாயிற்று" என்றார்.
புதிதாக அளவெடுக்கக் கை நீட்டினேன்.
"சரியான அளவு போதும், மாஸ்டர்.
இந்தத் தடவை கூட்ட வேண்டாம்."
தலையாட்டினார்.
டேப்பை என் கையைச் சுற்றிப் பிடித்தபோது
அடியில் அவர் விரல் ஒன்று இருந்தது.
எப்போதும் அப்படித்தானாம்.
இல்லாவிட்டால் அளவு நிற்காதாம்.